தோள்பட்டை லாப்ரம் கிழிசலும் எம்ஆர்ஐயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோள்பட்டை ஸ்கேனுக்கு வருகிறவர்களைப் படுக்கவைத்துப் படம் எடுத்து அனுப்புவது என் வேலை. உள்ளே போகும்போது சில கேள்விகள் கேட்பார்கள், ரிப்போர்ட் கைக்கு வந்ததும் வேறு சில. ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் தோளைத் தொட்டுப் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால், அவர் சொல்வதைக் கேளுங்கள்.

லாப்ரம் லாப்ரம்ங்கறாங்களே, அது எலும்பா, ஜவ்வா, சதையா?

ஜவ்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். தோள் மூட்டில் கை எலும்பின் உருண்டைத் தலை பெரியது. அது உட்காரும் குழியோ சின்னது, ஆழமும் கிடையாது. தட்டில் பந்தை வைத்த மாதிரி. அந்தக் குழியின் விளிம்பைச் சுற்றி நாரும் குருத்தெலும்பும் கலந்த ஒரு வளையம் ஓடுகிறது. அதுதான் லாப்ரம். குழியின் ஆழத்தில் ஏறக்குறைய பாதி இந்த வளையத்தால் வருவது.

மூட்டைப் பிடித்து நிறுத்தும் மற்ற ஜவ்வுகளும் இதில்தான் வந்து ஒட்டுகின்றன. உச்சியில் பைசெப்ஸ் தசையின் நீளமான தசைநாண் வந்து சேர்கிறது. அதனால் லாப்ரம் பிய்ந்தால், அதைப் பிடித்துக்கொண்டிருந்தவையும் சேர்ந்து தளர்கின்றன.

எல்லாக் கிழிசலும் ஒண்ணுதானே?

இடத்தைப் பொறுத்து எல்லாமே மாறும். ரிப்போர்ட்டில் "11 மணி முதல் 1 மணி வரை" என்று கடிகாரக் கணக்கு போட்டிருப்பார்கள். குழியை நேரே வைத்துப் பார்த்தால் உச்சி 12, அடி 6. முன்பக்கத்தை 3 என்று வைப்பது பெரும்பாலும் வழக்கம்.

முன்பக்கம் கீழே, 3 முதல் 6 வரை பிய்ந்தால் அது பேங்கார்ட் கிழிசல். தோள் முன்பக்கமாக நழுவியவர்களுக்கு வருவது. பேங்கார்ட் என்கிற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் 1923ல் இதை எழுதினார். நழுவும்போது உருண்டைத் தலையின் பின்பக்கம் குழியின் விளிம்பில் மோதி நசுங்கிப் பள்ளமாகும். அதற்கு ஹில்-சாக்ஸ் என்று பெயர். 1940ல் அதை விவரித்த இருவரும் ரேடியாலஜிஸ்டுகள். இந்த இரண்டும் சேர்ந்தே வருவது சகஜம்.

உச்சியில், பைசெப்ஸ் ஒட்டும் இடத்தில் முன்னும் பின்னுமாகக் கிழிந்தால் அது ஸ்லாப். 1990ல் ஸ்னைடரும் உடனிருந்தவர்களும் இந்தப் பெயரை வைத்து நாலு வகையாகப் பிரித்தார்கள். முதல் வகையில் விளிம்பு நைந்திருக்கும், அவ்வளவுதான். இரண்டாவதில் பைசெப்ஸின் வேரோடு எலும்பை விட்டுப் பிரிந்திருக்கும். மூன்றாவதில் கிழிந்த பகுதி மூட்டுக்குள் தொங்கும். நாலாவதில் கிழிசல் தசைநாணுக்குள்ளும் ஏறியிருக்கும். பந்து எறிகிறவர்களுக்கும், நீட்டிய கையை ஊன்றி விழுந்தவர்களுக்கும் ஸ்லாப் அதிகம். பின்பக்கக் கிழிசல் இவற்றைவிடக் குறைவு. வலிப்பிலோ மின்சாரம் தாக்கியோ தோள் பின்னால் நழுவியவர்களிடமும், கையை முன்னே நீட்டிப் பாரம் தள்ளுகிறவர்களிடமும் பார்க்கலாம்.

எக்ஸ்ரே நார்மல்னு வந்துச்சு. அப்புறம் எதுக்கு எம்ஆர்ஐ?

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ஜவ்வு தெரியாது. அதற்காக எக்ஸ்ரே வீண் இல்லை. எலும்பு முறிவு, தேய்மானம், சுண்ணாம்புப் படிவு, தோள் இன்னும் நழுவிய நிலையிலேயே இருப்பது எல்லாம் அதில்தான் முதலில் பிடிபடும். எம்ஆர்ஐக்கு வரும்போது அந்தப் படத்தையும் கொண்டுவாருங்கள்.

டாக்டர் கையை முறுக்கிப் பார்த்தே கண்டுபிடிக்க முடியாதா?

பாதி வேலை அங்கேதான் நடக்கிறது. தோள் நழுவுகிறவர்களுக்குக் கையைப் பக்கவாட்டில் உயர்த்தி வெளிப்பக்கம் திருப்பினாலே முகம் மாறிவிடும். வலியைவிட "இப்போ கழன்றுவிடும்" என்கிற பயம்தான் அதில் தெரியும். முன்பக்கக் கிழிசலுக்கு அது நல்ல அடையாளம்.

ஸ்லாப் அப்படிச் சுலபமில்லை. ஓப்ரையன் சோதனை மாதிரி நிறைய சோதனைகள் இருக்கின்றன. எதையும் தனியாக நம்ப முடியாது, ஏனென்றால் பைசெப்ஸ் அழற்சியிலும், சுழல் தசைகளின் (தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்துக் கையைத் திருப்பும் தசைகள்) கிழிசலிலும், தோள்பட்டை மேல்முனை மூட்டுத் தேய்மானத்திலும் அதே இடத்தில் அதே மாதிரி வலிக்கும். டாக்டர் விசாரித்து, தொட்டுப் பார்த்து, "இது இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன்" என்று சீட்டில் எழுதி அனுப்பினால் ஸ்கேனுக்கு மதிப்பு கூடும். வெறுமனே "தோள் வலி" என்று வரும் சீட்டைப் பார்த்தால் எங்களுக்கே சலிப்பாக இருக்கும்.

படத்துல கிழிசல் எப்படித்தான் தெரியும்?

குறுக்கே வெட்டிய மாதிரி எடுக்கும் படத்தில் நல்ல லாப்ரம் எலும்பு விளிம்பில் ஒட்டிய சின்னக் கறுப்பு முக்கோணமாகத் தெரியும். திரவம் வெள்ளையாகத் தெரியும் வகைப் படங்களில், அந்தக் கறுப்புக்குள்ளே வெள்ளைக் கோடு ஒன்று ஓடினாலோ, முக்கோணத்துக்கும் எலும்புக்கும் நடுவே வெள்ளை புகுந்திருந்தாலோ, முனை மழுங்கியோ இடம் மாறியோ கிடந்தாலோ சந்தேகம் வரும். மூன்று திசைகளில் எடுத்து ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்வார்கள்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் அந்த முக்கோணம் சில மில்லிமீட்டர்தான். பக்கத்திலேயே ஓடும் ஜவ்வுகளும் கறுப்பாகத்தான் இருக்கும். கீழே வரும் குழப்பங்களில் பாதிக்கு இதுதான் காரணம்.

சாதா எம்ஆர்ஐ போதுமா, மூட்டுக்குள்ள ஊசி போட்டு எடுக்கறது வேணுமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. சாதாரணமாக மூட்டுக்குள் திரவம் கொஞ்சம்தான் இருக்கும். லாப்ரமும் சுற்றியுள்ள ஜவ்வும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். மூட்டுக்குள் மருந்து கலந்த திரவத்தைச் செலுத்தினால் மூட்டு உப்பும், ஒட்டிக் கிடந்தவை விலகும், கிழிசல் இருந்தால் அதற்குள் திரவம் நுழைந்து பளிச்சென்று தெரியும். இதை எம்ஆர் ஆர்த்ரோகிராம் என்பார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2012ல் வெளியான ஒரு தொகுப்பில், உண்மையிலேயே இருக்கும் கிழிசலில் சாதா எம்ஆர்ஐ 76 சதவீதத்தையும் ஊசி போட்டு எடுத்தது 88 சதவீதத்தையும் பிடித்தன. கிழிசல் இல்லாதவர்களை "இல்லை" என்று சரியாகச் சொன்னது 87, 93 சதவீதம்.

வித்தியாசம் இருக்கிறது. அதற்காக எல்லாருக்கும் ஊசி தேவை என்று ஆகாது. அடிபட்டுச் சில நாளே ஆகியிருந்தால் மூட்டுக்குள் ரத்தமும் நீரும் தானாகவே கோத்திருக்கும்; அதுவே ஊசி மருந்து செய்யும் வேலையைச் செய்துவிடும், சாதா ஸ்கேனே போதும். வயதானவருக்குச் சுழல் தசைகளைத்தான் பார்க்க வேண்டும் என்றாலும் அப்படியே. இளவயது, திரும்பத் திரும்ப நழுவும் தோள், ஆபரேஷன் முடிவு இந்தப் படத்தை நம்பி இருக்கிறது என்றால், என் கணக்கில் ஊசி போட்டு எடுப்பதே சரி.

அந்த ஊசி எங்க போடுவாங்க? ரொம்ப வலிக்குமா?

தோளின் முன்பக்கமோ பின்பக்கமோ தோலை மரத்துப்போக வைத்து, எக்ஸ்ரே அல்லது அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியை மூட்டுக்குள் இறக்குவார்கள். உள்ளே போவது 10 முதல் 15 மில்லி வரை. உப்பு நீரில் காடோலினியம் என்கிற மருந்தை ஏறக்குறைய 200க்கு 1 என்ற அளவில் கலந்தது. குத்தும் வலியைவிட, திரவம் ஏறும்போது தோள் உள்ளிருந்து பிதுங்குகிற மாதிரி ஒரு கனம் இருக்கும். அதைத்தான் பலர் சொல்வார்கள். முடிந்ததும் தாமதிக்காமல் ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். நேரமானால் திரவம் உடம்பில் உறிஞ்சப்பட்டுவிடும்.

ஓரிரு நாள் தோள் இறுக்கமாகவும் வலியாகவும் இருப்பது இயல்பு. மூட்டில் கிருமி தொற்றுவது மிக அரிது. ஆனால் அதற்குப் பிறகும் வலி கூடிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, தோள் சிவந்து சூடாக இருந்தாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

எனக்கு கிட்னி பிரச்சினை இருக்கு. காடோலினியம் ஆகாதுன்னு சொல்றாங்களே?

அந்த எச்சரிக்கை முக்கியமாக நரம்பு வழியே போடும் ஊசியைப் பற்றியது. கிட்னி மிகவும் பழுதானவர்களுக்குப் பழைய வகை காடோலினிய மருந்துகளால் தோல் இறுகும் நோய் வந்தது உண்மை. மூட்டுக்குள் போவது நரம்பில் போடும் அளவில் நூறில் ஒரு பங்கு கூட இருக்காது. இருந்தாலும் கிட்னி, அலர்ஜி, கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, இந்த நாலையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யாரும் கேட்கவில்லை என்று சும்மா இருக்காதீர்கள்.

3 டெஸ்லா மெஷின்லதான் எடுக்கணும்னு சொல்றாங்க. 1.5ல எடுத்தா வீணா?

வீணாகாது. காந்த வலு கூடினால் படத்தில் நுணுக்கம் கூடும். 3 டெஸ்லாவில் எடுக்கும் சாதா ஸ்கேன், ஊசி போட்டு எடுப்பதற்கு ஓரளவு கிட்டே வருகிறது. ஆனால் தோளுக்கென்று உள்ள காயில் (தோளைச் சுற்றி வைத்து சிக்னலைப் பிடிக்கும் கருவி) இல்லாமலும், ஆள் அசைந்துகொண்டும் எடுத்த 3 டெஸ்லா படத்தைவிட ஒழுங்காக எடுத்த 1.5 டெஸ்லா படம் மேல். பக்கவாட்டில் திறந்திருக்கும் குறைந்த வலு மெஷின்களில் லாப்ரம் பார்ப்பதைப் பற்றித்தான் எனக்கு நம்பிக்கை குறைவு.

உள்ள படுத்தா மூச்சு முட்டுது. கொஞ்சம் அசைஞ்சா என்ன ஆயிடும்?

லாப்ரம் சில மில்லிமீட்டர் என்று மேலே சொன்னேனே, அதனால் அதே அளவு அசைவு போதும், எல்லாம் கலங்கிவிடும். கையை உடம்போடு ஒட்டாமல் பக்கத்தில் நீட்டி, கட்டைவிரல் மேலேயோ சற்று வெளியேயோ பார்க்கும்படி வைத்து, உள்ளங்கையில் சின்ன மணல் பையை வைப்போம். கை உள்பக்கம் திரும்பிவிட்டால் முன்பக்க ஜவ்வெல்லாம் சுருண்டு குவிந்து, லாப்ரம் அதற்குள் மறைந்துபோகும். பயந்தவர்கள் நெஞ்சால் மூச்சு விடுவார்கள், ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கும். வயிற்றால் மெதுவாக மூச்சு விடச் சொல்வது அதற்காகத்தான். 20 முதல் 40 நிமிடம். சத்தத்துக்குக் காதடைப்பான் தருவோம், கையில் அழைப்பு பொத்தான் இருக்கும். ரொம்பப் பயமென்றால் முன்பே சொல்லுங்கள், டாக்டர் மாத்திரை எழுதித் தரலாம்.

ஆர்த்ரோகிராமில் சிலருக்கு இன்னொரு நிலையிலும் எடுப்போம்: உள்ளங்கையைப் பின்தலைக்கு அடியில் வைத்துப் படுப்பது. முன்பக்கம் கீழே உள்ள ஜவ்வு அப்போது இழுபடும், எலும்போடு ஒட்டி ஒளிந்திருக்கும் கிழிசல் வாய் திறக்கும். தோள் நழுவும் ஆட்களுக்கு அந்த நிலையே பயம்தான். முடியவில்லை என்றால் சொல்லிவிடலாம்.

பேஸ்மேக்கர், பிளேட் இருக்கறவங்க என்ன செய்யறது?

டைட்டானியம் பிளேட், பல் அடைப்பு பெரும்பாலும் பிரச்சினை இல்லை. பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, மூளை ரத்தக்குழாய்க் கிளிப், கண்ணில் தெறித்த இரும்புத் துகள் இருந்தால் என்ன மாடல், எப்போது வைத்தது என்று விசாரிக்காமல் உள்ளே விடமாட்டோம். எம்ஆர்ஐ ஆகவே ஆகாதென்றால், மூட்டில் மருந்து செலுத்தி சிடி ஸ்கேன் எடுக்கும் வழி இருக்கிறது. லாப்ரத்துக்கு அது நல்ல மாற்று.

ரிப்போர்ட்ல "கிழிசல் இருக்கலாம்"னு போட்டிருக்கு. இருக்கா இல்லையா, தெளிவா சொல்லக்கூடாதா?

ரேடியாலஜிஸ்ட் மழுப்புகிறார் என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. உண்மையில் லாப்ரம் ஆளுக்கு ஆள் வேறு மாதிரி இருக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே உச்சியில் பைசெப்ஸ் வேருக்குக் கீழே சின்னச் சந்து இருக்கும். சிலருக்கு 1 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் லாப்ரம் எலும்போடு ஒட்டாமல் துளையாக இருக்கும். வெகு சிலருக்கு அந்த முன்மேல் பகுதியில் லாப்ரமே இருக்காது. அதற்குப் பதில் பக்கத்து ஜவ்வு கயிறாகத் தடித்திருக்கும், பியூஃபோர்டு அமைப்பு என்பார்கள். மூன்றுமே படத்தில் கிழிசல் வேஷம் போடும். பியூஃபோர்டை கிழிசல் என்று நினைத்துத் தைத்துவிட்டால் தோள் திரும்பாமல் இறுகிப்போகும்.

பிரித்துப் பார்க்க சில வழிகள் உண்டு. ஓரம் வழவழப்பாக, எலும்பின் வளைவை ஒட்டி உள்பக்கம் போகும் கோடு பெரும்பாலும் பிறவிச் சந்து. பிசிறாக, வெளிப்பக்கம் லாப்ரத்துக்குள் போகும் கோடு கிழிசல். 3 மணிக்குக் கீழேயும் பிரிந்திருந்தால் பிறவித் துளை என்று விட்டுவிட முடியாது. இன்னொரு தொல்லை, நார்கள் காந்தப்புலத்துக்கு ஏறக்குறைய 55 டிகிரி சாய்ந்திருந்தால் ஒன்றுமில்லாத இடமும் சில வகைப் படங்களில் வெளுத்துத் தெரியும். வேறு வகைப் படத்தில் அந்த வெளுப்பு மறைந்துவிடும். இதையெல்லாம் பார்த்தும் தீராதபோதுதான் "இருக்கலாம்" என்று எழுதுகிறார்கள். அதை நேர்மை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

எனக்கு 52 வயசு. அடியே படலை, ஆனா லாப்ரம் கிழிஞ்சிருக்குன்னு வந்திருக்கே?

பதற வேண்டாம். தோளில் எந்தத் தொந்தரவும் இல்லாத, 45 முதல் 60 வயது வரை உள்ளவர்களின் 53 தோள்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2016ல் வந்தது. ஒரு ரேடியாலஜிஸ்ட் அவற்றில் 55 சதவீதத்தில் உச்சி லாப்ரக் கிழிசல் என்றார், இன்னொருவர் 72 சதவீதம் என்றார். வலியே இல்லாதவர்கள் இவர்கள்! பேஸ்பால் பந்து எறிகிற இளம் வீரர்களைப் பார்த்த ஆய்விலும் நல்ல தோள்களிலேயே லாப்ர மாற்றம் நிறையத் தெரிந்தது.

ஆகவே உங்கள் வலிக்கு இதுதான் காரணம் என்று ரிப்போர்ட்டை வைத்து மட்டும் சொல்ல முடியாது. 50 வயதுக்கு மேல் தோள் வலிக்குச் சுழல் தசைகளும் இறுகிப்போன தோளும் இதைவிடச் சகஜமான காரணங்கள். டாக்டரிடம் "கிழிசல் இருக்கா?" என்று கேட்பதைவிட "என் வலி இதனால்தானா?" என்று கேளுங்கள்.

அப்போ நார்மல்னு வந்தா கிழிசல் இல்லைன்னு நிம்மதியா இருக்கலாமா?

ஊசி பற்றிய பதிலில் இருக்கும் 76, 88ஐப் பாருங்கள். மிச்சம் தப்பிப்போனவை. எலும்பின் மேலுறை கிழியாமல் அதற்கடியில் லாப்ரம் மட்டும் பிரிந்திருந்தால், பழைய இடத்திலேயே ஒட்டிக்கொண்டு சாதா படத்தில் நல்ல பிள்ளையாக இருக்கும். தோள் உண்மையிலேயே நழுவுகிறது, பூட்டிக்கொள்கிறது, ஆனால் சாதா ஸ்கேன் நார்மல் என்றால் ஆர்த்ரோகிராம் கேட்பது நியாயம். அதிலும் ஒன்றும் இல்லாமல், நாளாக ஆகக் குறையும் லேசான வலி மட்டும்தான் என்றால் விட்டுவிடலாம்.

ஸ்லாப் டைப் 2ன்னு வந்துருச்சு. ஆபரேஷன் கட்டாயமா?

படம் அதை முடிவு செய்யாது. நார்வேயில் இரண்டாம் வகை ஸ்லாப் உள்ள 118 பேரை மூன்று குழுவாக்கினார்கள். ஒரு குழுவுக்கு லாப்ரத்தைத் தைத்தார்கள், ஒரு குழுவுக்கு பைசெப்ஸ் தசைநாணை இடம் மாற்றிக் கட்டினார்கள், மூன்றாவது குழுவுக்குத் துளை போட்டு உள்ளே பார்த்ததோடு சரி. இரண்டு ஆண்டுக்குப் பிறகும் மூன்று குழுவுக்கும் சொல்லும்படியான வித்தியாசமில்லை. 2017ல் வெளியானது. அதனால் முதலில் சில மாதம் பிசியோதெரபி என்பதே பல டாக்டர்களின் வழக்கம். விளையாட்டு வீரர்கள், லாப்ரம் பக்கத்தில் நீர்க்கட்டி வந்து நரம்பை அழுத்துகிறவர்கள் கணக்கு வேறு.

என் பையனுக்கு 19 வயசு, தோள் ரெண்டு தடவை நழுவிடுச்சு. அவனுக்கும் இதே பதில்தானா?

அவனுக்கு வேறு. முந்தைய பதில் உச்சிக் கிழிசலுக்கு; அவனுக்கு இருக்க வாய்ப்புள்ளது பேங்கார்ட். இந்த வயதில் ஒரு முறை நழுவிய தோள் மறுபடி நழுவும் வாய்ப்பு அதிகம், ஒவ்வொரு முறையும் எலும்பு விளிம்பு கொஞ்சம் தேயும். அதனால் படத்தில் லாப்ரம் மட்டுமல்ல, குழியின் முன்விளிம்பில் எவ்வளவு எலும்பு போயிருக்கிறது, ஹில்-சாக்ஸ் பள்ளம் எவ்வளவு பெரிது என்றும் அளப்பார்கள். எலும்பு இழப்பு அதிகமென்று பட்டால் சிடியும் கேட்கலாம். "ஏற்கெனவே ஸ்கேன் எடுத்தாச்சே" என்று மறுக்காதீர்கள். எலும்பு அதிகம் போயிருந்தால் லாப்ரத்தைத் தைத்தால் மட்டும் தாங்காது.

இதே நழுவல் 40 வயதுக்கு மேல் நடந்தால் சுழல் தசைகள் கிழிந்தனவா என்பதுதான் முதல் கவலை.

லாப்ரம் பக்கத்துல நீர்க்கட்டி இருக்காம். கேன்சரா?

இல்லை. கிழிசல் வழியாக மூட்டு நீர் கசிந்து வெளியே தேங்கியது. கிழிசல் கோடு தெரியாவிட்டாலும் கட்டி இருந்தால் அங்கே கிழிசல் இருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். மேல்பக்கமோ பின்பக்கமோ வளர்ந்து தோள்பட்டை எலும்பின் பள்ளத்தில் ஓடும் நரம்பை அழுத்தினால், கையை வெளிப்பக்கம் திருப்பும் வலு குறைந்து, பின்னால் தசை மெலியும். அப்படி இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

தைச்ச தோள்ல மறுபடியும் வலி. திரும்ப எம்ஆர்ஐ எடுத்தா தெரியுமா?

தெரியும், ஆனால் படிப்பது கஷ்டம். தைத்த லாப்ரம் பழையபடி கறுப்பு முக்கோணமாக ஆகாது. தடித்தும் பிசிறாகவும் இருந்தாலும் நன்றாக ஒட்டியிருக்கலாம். தைக்கும்போது எலும்பில் பதித்த ஆணி உலோகமாக இருந்தால் சுற்றிலும் படம் கெடும். அதனால் இந்த நிலையில் பெரும்பாலும் ஆர்த்ரோகிராம்தான்: திரவம் லாப்ரத்துக்கு அடியில் புகுந்ததா என்பதே கேள்வி. ஆபரேஷன் குறிப்பு கையில் இல்லாமல் வராதீர்கள். எங்கே, எத்தனை ஆணி, என்ன வகை என்று தெரியாமல் படிப்பது குத்துமதிப்புதான்.

ஒரே படத்தை ரெண்டு பேர் ரெண்டு விதமா சொல்றாங்க. யாரை நம்பறது?

55க்கும் 72க்கும் போன அந்த இரண்டு ரேடியாலஜிஸ்டுகளும் பார்த்தது ஒரே படங்களைத்தான். ஆகவே கருத்து மாறுவதை வைத்து யாரையும் தள்ளிவிட வேண்டாம். ரிப்போர்ட் தாளை மட்டும் தூக்கிக்கொண்டு மூன்றாவது ஆளிடம் போகாமல், படங்கள் பதிந்த டிஸ்க்கோடு போங்கள். மூட்டு, எலும்புப் படங்களையே வழக்கமாகப் பார்க்கும் ரேடியாலஜிஸ்டும் உங்களைப் பரிசோதித்த ஆர்த்தோ டாக்டரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தால் இன்னும் நல்லது; எந்த அசைவில் வலிக்கிறது என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் அதே இடத்தைத் திரும்பப் பார்ப்பார். அப்படியும் தீரவில்லை, தோளும் ஒத்துழைக்கவில்லை என்றால், ஆர்த்ரோஸ்கோப்பி செய்து கேமராவில் நேரே பார்த்து, சரிசெய்ய வேண்டியது இருந்தால் அப்போதே சரிசெய்துவிடுவார்கள்.